கணவாய் மை என்று நினைத்தோம்

எங்கள் மணிக்கு 13 வயது. நாட்டு நாய். வேதாளையில் கடலோரம் எங்கள் வீடு. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். விடியற்காலையில் அவர் கிளம்பினால் மணியும் கரை வரை கூடவே போகும். படகு கண்ணுக்கு மறையும் வரை மணலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பும். போன மார்கழியில் அது நின்றுபோனது. எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் விறைத்துக்கொள்ளும், நாலைந்து எட்டு வைத்த பிறகுதான் நடை வரும். "வயசாயிருச்சுல்ல" என்றார் அப்பா. நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

ஒரு நாள் வாசல்படி ஏற முடியாமல் அது முனகியதைப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இடுப்பு மூட்டைத் தொட்டு, மடக்கிப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம், வலி இருக்கிறது என்றார். நாய் கத்தவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது. எனக்கு அன்றுதான் அது புரிந்தது. மெலாக்சிகாம் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். எடை 16 கிலோ. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாளிலிருந்து அதில் பாதி, சாப்பாட்டோடு. வேறு மாத்திரை ஏதும் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மைதான். வெளியே ஆடு மாடுகளோடு பெரிய கூட்டம். என்ன பக்கவிளைவு வரும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றே நாளில் மணி பழையபடி வாலாட்டிக்கொண்டு கரைக்குப் போனது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து உண்ணிக் கடியால் அரிப்பு வந்து முதுகைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. முந்தின வருஷம் இதே அரிப்புக்கு வாங்கிய மாத்திரையில் பாதி அட்டை அலமாரியில் கிடந்தது. அம்மா அதை எடுத்து சோற்றில் வைத்துக் கொடுத்துவிட்டார். அது பிரெட்னிசலோன், ஸ்டீராய்டு. நான் வேலைக்குப் போயிருந்ததால் எனக்குத் தெரியாது.

மறுநாள் மணி ஒரு சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தது. அதற்கும் வயசுதான் காரணம் என்றோம். அடுத்த நாள் வாந்தி. மலம் கறுப்பாக, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட வாடையோடு இருந்தது. "நேத்து கணவாய் தின்னுச்சுல்ல தாயி, அந்த மைதான்" என்றார் அப்பா. கணவாய் மீனுக்குள் கறுப்பு மை இருக்கும், அதனால் எங்கள் ஊரில் யாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். நானும் நம்பினேன். ஆனால் அதற்கடுத்த நாள் வஞ்சிர மீன் தலையை மூக்கருகே கொண்டுபோயும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளிறிப்போயிருந்தது.

பஸ்ஸில் ஏற்ற முடியாது. மீன் ஏற்றப் போன குட்டி யானையை நிறுத்தி, சாக்கை விரித்து அதில் படுக்க வைத்து ராமநாதபுரம் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வீட்டில் வேறென்ன கொடுத்தீர்கள் என்பதுதான். போன் போட்டேன், அம்மா சொன்னார். வலி மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டுமே இரைப்பையின் உட்சுவருக்கு இருக்கும் பாதுகாப்பைக் குறைக்கிறவை. சேர்த்துக் கொடுத்தால் புண்ணாகி ரத்தம் கசியும், அந்த ரத்தம் செரித்து வெளியே வரும்போது கறுப்பாகத்தான் இருக்கும் என்று விளக்கினார். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடங்கவே சில நாள் இடைவெளி வேண்டுமாம்.

இரண்டையும் நிறுத்தினார்கள். நரம்பு வழியாகத் திரவம், வாந்திக்கு ஊசி, அமிலத்தைக் குறைக்க மருந்து, புண்ணை மூடிக் காக்க சுக்ரால்ஃபேட் சிரப். இந்த சிரப்பை மற்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் அதை உடம்பில் சேரவிடாது, அதனால் தனி நேரத்தில் கொடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். வயதான நாயை அது சீக்கிரம் பாதிக்கும். மெலாக்சிகாம் கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அதுதான் மணியை மறுபடி நடக்க வைத்தது. ஆரம்பிக்கும் முன்பே ரத்தம் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

பத்து நாளில் மணி தேறிவிட்டது. இப்போது வலிக்கு கபாபென்டின் தருகிறோம். முதல் சில நாள் தூங்கி வழிந்தது, நடக்கையில் தள்ளாடியது. அது போகும் என்று இந்த முறை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனிதர்களுக்கான திரவ மருந்து சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம், அதனால் மாத்திரையாகவே வாங்கச் சொன்னார். கண்ணில் தெரிந்த நீலம் பாய்ந்த மங்கலையும் காட்டினேன். கண்புரை இல்லை, வயதில் விழிவில்லை இறுகுவது, பார்வை இருக்கிறது என்றார். வயசு என்று சும்மா விட்டுவிடலாம் என்றால் அது ஒன்றைத்தான்.

அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன். வலை இழுக்கிறவர்கள் வீட்டில் இடுப்பு வலி மாத்திரை எப்போதும் இருக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் நாய்க்குக் குடலில் ரத்தக்கசிவும் சிறுநீரகக் கேடும் வரவைக்கும். பாவமாக இருக்கிறதே என்று பாதி மாத்திரைகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

மணிக்குக் கருவாடு போடுவதை நிறுத்திவிட்டோம். வழுக்கும் டைல்ஸ் தரையில் பழைய சாக்குகளை விரித்திருக்கிறோம். பழைய அட்டைகளை எல்லாம் அம்மா தானே தேடி எடுத்துத் தூர எறிந்தார். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பிட்டதா, மலம் என்ன நிறம் என்பதையெல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அவர்தான் எழுதி வைக்கிறார். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாள்களை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போகிறேன். மணி இப்போது கரை வரை போவதில்லை. பாதி வழியில் வலை காயப்போடும் இடத்தில் படுத்துக்கொள்கிறது. அப்பா திரும்பி வரும்போது அங்கே நின்று அதைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.