சங்கு பொறுக்காத கடல் பயணம்

அடுத்த மாதம் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கடல்வாழ் உயிரினக் காப்பகத்துக்குப் போகிறோம். லீவு பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தது, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைத்தான். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிக தூரம் உள்வாங்கும். அதனால் பௌர்ணமிக்கு மறுநாள் என்று முடிவு செய்தேன்.

கடல் உள்வாங்கிய பிறகு பாறைக்குழியில் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் எத்தனை உயிர்! கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரினம் இதழ்போல் கைகளை விரித்திருக்கும்; தண்ணீர் வடிந்தால் அத்தனையையும் உள்ளிழுத்து வழவழவென்று ஓர் உருண்டையாகிவிடும்.

சின்னவளுக்குச் சங்கு பொறுக்க ஆசை. "காலியாக் கிடக்கிறதுதானேப்பா?" என்றாள். துறவி நண்டுக்கு அதுதான் வீடு, வளர வளரப் பெரிய சங்காகத் தேடிக் குடிமாறும் என்றேன். முகம் மாறிவிட்டது. "அப்ப நாம எடுத்துட்டா அது எங்க போகும்?"

ஒரு சங்குகூட வீட்டுக்கு வராது.

அம்மாவுக்கு வழுக்காத செருப்பு வாங்கியாச்சு. வெயிலுக்கு முழுக்கைச் சட்டைதான். ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்கு ஆகாது என்று பலாவு நாடு 2020இலேயே தடை போட்டுவிட்டது. நாங்களும் அதைத் தொடப்போவதில்லை.