பலாவா, சக்கையா?

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறை, இரண்டு கணினிகள், நானும் படம் வரையும் நண்பனும். எங்கள் நிறுவனம் மொத்தமும் இவ்வளவுதான். குழந்தைகளுக்கான தமிழ் எழுத்துச் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம்.

நேற்று தக்கலையில் அக்கா மகளிடம் சோதனைக்குக் கொடுத்தேன். பலாப்பழப் படம் வந்தது. முதல் எழுத்தைத் தொட வேண்டும். தயங்காமல் 'ச'வைத் தொட்டாள். தவறு என்றது செயலி. மறுபடியும் 'ச'. மறுபடியும் தவறு.

"மாமா, இது சக்கைதானே? உங்கள் போனுக்குத் தெரியாதா?"

எங்கள் ஊரில் பலாவுக்குச் சக்கை என்றுதான் பெயர். அதைத் தின்று வளர்ந்தவன் நான். எனக்கே தோன்றவில்லையே! இரவோடு இரவாக, ஒரு படத்துக்குப் பல விடைகளை ஏற்கும்படி மாற்றினேன். மரவள்ளியும் அதற்கு எங்கள் ஊர்ப் பெயரான மரச்சீனியும் ஒரே எழுத்தில் தொடங்கிப் பிழைத்தன. கொல்லாம்பழம்தான் படுத்திவிட்டது: முந்திரி என்றால் 'மு', எங்கள் ஊரில் 'கொ'. அந்தக் 'கொ'வில் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் நிற்கின்றன. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடிலோ இரண்டும் சேர்ந்து ஒரே குறி. விரலால் எழுதிப் பழகும் பகுதியில் அதைப் பிரித்துக் காட்டப் பட்ட பாடு தனிக்கதை.

விளம்பரம் வைப்பதில்லை. கடைகளுக்கு இணையதளம் செய்து தரும் பணத்தில்தான் அறை வாடகை. செயலியை வெளியிடக் கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர் கட்டியாயிற்று. ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். ஐபோன் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள்.