கினபாலு: ஏறாதவர்களின் ஒரு வாரத் திட்டம்

போர்னியோவில், சபா மாநிலத்துக் கினபாலு மலைக்குப் போகிறோம் என்றதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஏறப் போறீங்களா?" இல்லை. முட்டிவலிக்காரரான என் மாமியார், பத்து வயது மகன், பத்துமலையின் 272 படிகளைக் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுக் காப்பிக் கடையைத் தேடும் கணவர். இவர்களை வைத்துக்கொண்டு 4,095 மீட்டர் மலையில் நான் எங்கே ஏறுவது? மலையைச் சுற்றிக் காடி ஓட்டப் போகிறோம், அவ்வளவுதான். அதற்கே ஒரு வாரம் போதவில்லை என்பது திட்டம் போட உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

கொழுந்தனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அண்ணி, அவ்வளவு தூரம் போய் அடிவாரத்துல செல்பி எடுத்துட்டு வந்தா சிரிப்பாங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு புலம்பல். ஏறுவது சும்மா நினைத்தவுடன் நடக்கிற காரியம் இல்லை. அனுமதிச் சீட்டு வேண்டும், வழிகாட்டி கட்டாயம், முதல் நாள் 3,272 மீட்டர் உயரத்தில் பானலாபானில் தங்கி, மறுநாள் விடியற்காலை இரண்டு மணி வாக்கில் எழுந்து உச்சிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே இருக்கிற படுக்கைகள் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் இடம். அவர் ஒருவர் ஏறி இறங்கும்வரை நாங்கள் நான்கு பேரும் இரண்டு நாள் கீழே உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மலையடிவாரத்து ஊரான குண்டாசாங்கில் சொசொடிகோன் என்று ஒரு சிறு குன்று இருக்கிறது. அதில் அதிகாலையில் ஏறினால் எதிரே மலை முழுசாகத் தெரியும். அதை அவருக்கு ஒதுக்கிவிட்டேன். இப்போதைக்குச் சமாதானம்.

எனக்கு வேலையே அட்டவணை போடுவதுதான். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கிளம்பும் லோரிகளுக்கு எந்த டிரைவர், எத்தனை மணிக்கு, எந்த வழி என்று தினமும் எழுதுகிறேன். ஆகவே கூகுள் வரைபடம் "90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்" என்று சொன்னால் அதை நான் பாதிதான் நம்புவேன். இந்தப் பயணத்தில் தூரம் பெரிய விஷயமே இல்லை. வெளிச்சம்தான் விஷயம்.

எங்கள் அலுவலகத்தில் ரானாவ் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், டூசுன் இனத்தவர். அவர் சொன்ன முதல் புத்திமதி: மலையைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் பார்த்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் அது உங்களுக்குச் சொந்தமில்லை. பெரும்பாலான நாட்களில் காலை ஏற ஏற அடிவாரத்து ஈரக்காற்று சரிவில் மேலேறி மேகமாகி உச்சியை மூடிவிடும். மதியம் மழையும் வரலாம். கேஎல்லில் (கோலாலம்பூரில்) பசியாறிவிட்டு ஒன்பதரைக்கு வெளியே கிளம்பும் நம் குடும்ப வழக்கம் அங்கே எடுபடாது.

இரண்டாவது கணக்கு சாயங்காலம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கிக்கொண்டது. நம் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒன்றுதான். சூரியனுக்கு அது தெரியாதே. கேஎல்லில் மார்ச் மாதம் ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். சபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவில் ஆறரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். பதிலுக்கு விடியலும் ஒரு மணி நேரம் முன்னால். ஆக, நம் பழக்கத்தில் "ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று கணக்குப் போட்டால், கடைசி அரை மணி நேரம் இருட்டிலும் பனிமூட்டத்திலும் மலை வளைவுகளில் போகும். நான் போட்ட சட்டம்: ஐந்து மணிக்கு மேல் காடி நகரக் கூடாது. கணவர் தலையாட்டினார். அவர் தலையாட்டியதை வாட்ஸ்அப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாதம் மார்ச். மேற்குக் கரை சபாவில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, மகனுக்கும் பள்ளி விடுமுறை. ஆனால் விடுமுறை என்றால் கூட்டமும் உண்டு. சனி ஞாயிறில் கோத்தா கினபாலு முழுக்க குண்டாசாங் ஏறிவிடும் என்று அந்த ரானாவ் நண்பர் எச்சரித்தார். கேமரன் மலைக்கு விடுமுறையில் போய் தானா ராத்தாவில் மாட்டிக்கொண்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் வாரத்தைத் தலைகீழாகப் போட்டேன். சனிக்கிழமை விமானம். ஞாயிறு கடலோரப் பக்கம். திங்கள் முதல் வியாழன் வரை மலை. வெள்ளிக்கிழமை கூட்டம் ஏற ஆரம்பிக்கும்போது நாங்கள் மறுபக்கம் இறங்கிவிடுவோம்.

சனிக்கிழமை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டரை மணி நேர விமானம், காடி எடுப்பது, மீன் சாப்பிடுவது, தூங்குவது. ஒன்று மட்டும்: நாம் மலேசியர்தான் என்றாலும் சபாவுக்குத் தனி குடிநுழைவு அதிகாரம் இருக்கிறது. ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், 90 நாள் வரை தங்கலாம். மகனின் மைகிட்டோடு (சிறுவர் அடையாள அட்டை) பிறப்புச் சான்றிதழையும் நான் எடுத்துக்கொள்கிறேன். அத்தையின் ஐசி எப்போதும் சாமி அறையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கும், அதை முதல் நாளே என் கைப்பைக்கு மாற்றிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை கோத்தா பெலூட்டுக்குக் கொடுத்ததற்குக் காரணம் தாமு, அதாவது வாரச் சந்தை. அந்த ஊரில் அது ஞாயிறன்றுதான். பஜாவ்களும் டூசுன்களும் மலையிலிருந்தும் கடலிலிருந்தும் பொருள் கொண்டுவந்து விற்கிற பழைய முறை. கோத்தா கினபாலுவிலேயே காயா தெருவில் ஞாயிறு சந்தை இருக்கிறதே, ஏன் இவ்வளவு தூரம் என்று கணவர் கேட்டார். ஞாபகப் பரிசு வாங்க அது போதும். அத்தைக்கு வெற்றிலையும் காய்கறியும் பார்க்க வேண்டும், எனக்கு மலையின் வடமேற்கு முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றிரவு மெலங்காப் பக்கம் ஆற்றோரம் தங்கலாம் என்று நினைக்கிறேன். மலை அங்கிருந்து சுவர்போல எழுந்து நிற்பதைப் படங்களில் பார்த்ததிலிருந்து அந்த ஊர் மனதை விட்டுப் போகவில்லை.

திங்கள் காலை நபாலு வழியாக மேலே. நபாலுவில் சாலையோரக் கடைகளில் அன்னாசி விற்பார்கள். வானம் திறந்திருந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் நிற்பது. மூடியிருந்தால் அன்னாசியை வாங்கிக்கொண்டு நேராகப் பூங்காத் தலைமையகம். கினபாலு பூங்காவை 1964-இல் அமைத்தார்கள். 2000-இல் சரவாக்கின் முலு பூங்காவோடு சேர்ந்து மலேசியாவின் முதல் உலகப் பாரம்பரியத் தலங்களாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 754 சதுர கிலோமீட்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்கள். தலைமையகம் 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் அத்தைக்கு ஸ்வெட்டர், மகனுக்குத் தாவரவியல் தோட்டம். உலகின் மிகப் பெரிய குடுவைத் தாவரமான நெப்பந்தஸ் ராஜா இந்த மலைப்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது என்று படித்ததிலிருந்து, அதற்குள் எலி விழுமா என்று தினமும் ஒரு முறை கேட்கிறான். விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு பயணத்தில் அவனுடைய ஆர்வம் இரட்டிப்பாகிவிட்டது.

நான்கு இரவும் குண்டாசாங்கில் ஒரே வீடு. தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்த்தால் அத்தையும் நானும் சண்டை போடுவோம். வீட்டைத் தேர்ந்தெடுத்தபோது நான் கேட்டது ஒரே கேள்வி: மலை எந்தப் பக்கம்? படுக்கையறை ஜன்னலிலிருந்து தெரியும் என்றால், மேகம் விலகும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக எல்லாரையும் காடியில் ஏற்ற வேண்டாம். அறை வாடகை கொஞ்சம் கூடத்தான். இந்தப் பயணத்தில் நான் பேரம் பேசாமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

செவ்வாய் காலை மெசிலாவ் மாட்டுப் பண்ணை, அத்தைக்கும் மகனுக்கும். புல்வெளியில் கறுப்பு வெள்ளை மாடுகள், பின்னால் மலை. எல்லாரும் போடும் படம் அதுதான், நாங்களும் போடுவோம்.

மதியம் குண்டாசாங் போர் நினைவகம். அட்டவணையில் கணவர் அதற்கு அரை மணி நேரம் எழுதியிருந்தார். அடித்துவிட்டு இரண்டு மணி நேரம் ஆக்கினேன். சண்டாகானில் ஜப்பானியர் வைத்திருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ஏறக்குறைய 2,400 பேர். 1945-இல் அவர்களில் நடக்க முடிந்தவர்களைக் காட்டு வழியே 260 கிலோமீட்டர் ரானாவுக்கு நடக்க வைத்தார்கள். கடைசியில் உயிரோடு மிஞ்சியவர்கள் ஆறு பேர், ஆறு பேரும் தப்பியோடிய ஆஸ்திரேலியர்கள். 1962-இல் எழுப்பிய அந்த நினைவகத்தில் நாட்டுக்கொரு தோட்டம், இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் இருக்கிறது.

என் தாத்தாவின் அண்ணனை எஸ்டேட்டிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பர்மா வரை போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு. திரும்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல ஆயிரம் பேர் அங்கே செத்தார்கள். போர்க்கைதிகளுக்கு ராணுவப் பதிவேடு இருந்தது, கல்லறையில் பெயர் இருக்கிறது. எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்கு எழுதி வைத்த பெயர்கூட இல்லை. வீட்டில் யாராவது ஞாபகம் வைத்திருந்தால் உண்டு. குண்டாசாங்குக்கும் சயாமுக்கும் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறித்த ஓர் இடத்தில் நின்று, மகனிடம் அந்தப் பெரிய தாத்தாவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு அரை மணி நேரம் போதாது.

புதன்கிழமை போரிங். வெந்நீர் ஊற்று அத்தையின் முட்டிக்கு, மரங்களுக்கு நடுவே 41 மீட்டர் உயரத்தில் ஆடும் தொங்கு நடைபாதை கொழுந்தனுக்கு. அந்தப் பக்கம் ரஃப்லீசியா பூத்தால் தோட்டக்காரர்கள் சாலையோரம் பலகை வைப்பார்கள், கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். இலையும் வேரும் இல்லாமல் ஒரு காட்டுக் கொடியை உறிஞ்சி வாழும் செடி. மொட்டு மாதக்கணக்கில் வளர்ந்து, பூ ஒரு வாரத்துக்குள் கறுத்து அழுகிவிடும். இதைத் திட்டத்தில் எழுத முடியாது. "பலகை தெரிந்தால் நிறுத்து" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

வியாழன் காலி. வேண்டுமென்றேதான். முந்திய நாட்களில் எதை மேகம் தின்றதோ அதற்கு மறுவாய்ப்பு. எதுவும் தவறவில்லையென்றால் ரானாவ் அருகே லுவாந்தி கிராமத்து ஆற்றில் மீன்களிடம் காலைக் கொடுப்பது. 'தாகால்' என்று ஊரே கூடி மீன்பிடிக்கத் தடை போட்டு ஆற்றைக் காக்கும் வழக்கம் சபாவில் உண்டு. அப்படிப் பெருத்த மீன்கள்தான் அவை.

காடி விஷயத்தில் வீட்டில் இரண்டு கட்சி. கொழுந்தனுக்கு டீசல் பிக்கப் வேண்டும். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்தபோது சபா, சரவாக்கில் லிட்டர் 2.15 ரிங்கிட்டாகவே விட்டுவைத்தார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் கம்பெனியில் வேறு பேச்சே இல்லை. அந்த விலையைக் காட்டித்தான் அவர் வாதாடுகிறார். ஆனால் பிக்கப்பில் அத்தையை ஏற்ற ஒரு நாற்காலி தேவைப்படும். 1.5 லிட்டர் அல்சா குடும்பக் காடி, முடிந்தது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து: பிரேக்கிலேயே கால் வைக்காமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும் என்று கணவருக்கு இப்போதிருந்தே சொல்லி வருகிறேன். லோரி டிரைவர்களுக்குச் சொன்னால் கேட்பார்கள்.

சாப்பாடு. செவ்வாயும் வெள்ளியும் அத்தை சைவம். ஊரில் நம் கடையைத் தேடி அலைவதைவிட, சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, நல்லெண்ணெய், இதுபோதும். குண்டாசாங் சாலையோரம் முழுக்கக் காய்கறிக் கடைகள். முட்டைக்கோஸ் பொரியலுக்குப் பஞ்சமே வராது.

வெள்ளிக்கிழமை ரானாவிலிருந்து தெற்கே தம்புனான். நெல் வயல்கள், மூங்கில், துருஸ்மாடி மலையின் ஊர். அங்கே ஓர் இரவு. சனிக்கிழமை குரோக்கர் மலைத்தொடரைத் தாண்டி கோத்தா கினபாலு. அந்தக் கணவாயில் மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கும் என்பதால் எட்டு மணிக்கே கிளம்பியாக வேண்டும், விமானம் ராத்திரிதான். நடுவில் இருக்கும் நேரத்தை என்ன செய்வது என்று இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. கொழுந்தன் தீவு என்கிறார், கணவர் தூவாரான் மீ (நூடுல்ஸ்) என்கிறார். அத்தை, காட்டு இஞ்சியில் போடும் துஹாவ் ஊறுகாயைப் பற்றி நான் தெரியாமல் வாய்விட்ட நாளிலிருந்து, விமானத்தில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று மட்டும்தான் கேட்கிறார்.