வினைமுற்றைப் பார்த்தால் வகை தெரியும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கடிதத்துக்கு 5 மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி என்ற சட்டகம் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம். கட்டுரை என்றால் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. இதெல்லாம் தேவைதான். ஆனால் மேலும் கீழும் மறைத்துவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் காட்டினால், அது கடிதமா, கட்டுரையா, செய்தியா என்று அவர்களால் சொல்ல முடிவதில்லை. தமிழாசிரியராக என் கவலை முழுக்க அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான்.

டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை என்று போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி விண்ணப்பம் எழுதினாள். ‘பேருந்து ஏழைகளின் தேர்’ என்று தொடங்கி, சக்கரம் கண்டுபிடித்த கதையைச் சொல்லி, கடைசி வரியில் ‘ஆவன செய்யுமாறு’ கேட்டிருந்தாள். நல்ல தமிழ். “மேலாளர் இதைப் படித்துவிட்டு எந்த ஓட்டுநரைக் கூப்பிட்டு விசாரிப்பார்?” என்றேன். “காலைல வர்ற பஸ்தான் ஐயா.” “அது தாளில் எங்கேம்மா இருக்கிறது?” கொஞ்சம் யோசித்தவள் உட்கார்ந்து திருத்தினாள். தடம் எண், நேரம், எந்த நிறுத்தம், எத்தனை பேர் காத்து நிற்கிறோம், எந்தெந்தத் தேதிகளில் நிற்காமல் போனது என்று எல்லாம் வந்தது. தேரும் சக்கரமும் தாமாகவே விழுந்துவிட்டன. விண்ணப்பம் பாதியாகச் சுருங்கி, இரண்டு மடங்கு வலுவானது.

அப்புறம் அதே பஸ்ஸை வைத்துச் செய்தி எழுதச் சொன்னேன், நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். ஒரே நிகழ்ச்சி வகை மாறும்போது எது முன்னால் வருகிறது, எது காணாமல் போகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். செய்தியில் முதல் வரியிலேயே முக்கியமான விஷயம் வந்துவிடுகிறது. நாட்குறிப்பில் பஸ் போன பிறகு மனசு என்ன பாடுபட்டது என்பதுதான் விஷயமே.

வகைகளைப் பிரித்துக் காட்ட நான் அதிகம் நம்புவது வினைமுற்றை. தமிழில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ‘தெரிவித்தனர்’, ‘மீட்கப்பட்டது’ என்றால் செய்தி. ‘வதக்கவும்’, ‘இறக்கவும்’ என்றால் சமையல் குறிப்பு. ‘ஆவியாகிறது’, ‘குளிர்கிறது’ என்றால் அறிவியல் விளக்கம். ‘வாழ்த்தியருள வேண்டுகிறோம்’ என்றதும் கல்யாணப் பத்திரிகை என்று வகுப்பே கத்தும். விளம்பரத்தில் பல நேரம் வினைச்சொல்லே இருக்காது. பழைய நாளிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், ஜவுளிக்கடைத் துண்டறிக்கை என்று வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் பாடத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகை சொல்கிறது. பிசி என்பது விடுகதை, முதுசொல் என்பது பழமொழி, இரண்டும் அந்த வரிசையில் உண்டு என்றால் பிள்ளைகள் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும்.

வினைமுற்றை மாற்றிப் போட்டும் பார்ப்போம். ஒரு பையன் ரசம் வைப்பதைச் செய்தியாக எழுதினான்: ‘நேற்று காலை புளி கரைக்கப்பட்டது. மிளகும் சீரகமும் தட்டப்பட்டதாகத் தெரிகிறது.’ சிரித்து முடித்ததும், இதைப் பார்த்து ரசம் வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, புளி எவ்வளவு, எப்போது இறக்குவது என்பதெல்லாம் இல்லை. படிப்பவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் எழுத்தின் வடிவமும் அமைகிறது என்பதை, நான் நீட்டி விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

எங்களுக்கு இன்னும் கடினமாக இருப்பது கருத்துக் கட்டுரை. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் ‘வளர்ப்போம்’, ‘காப்போம்’, ‘உறுதி ஏற்போம்’ என்று முழக்கமாகிவிடுகிறது. மரம் வளர்க்கச் சொல்பவர், ஏன் இந்தத் தெருவில், எந்த மரம், யார் தண்ணீர் ஊற்றுவது என்று சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு கருத்துக்கும் கீழே ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் ஒரு வரி கட்டாயம் என்று வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர் என்ன கேட்பார் என்று ஒரு பத்தியும் எழுத வேண்டும்.

“வளர்ப்போம்னு முடிக்கலைன்னா மார்க் குறையுமா ஐயா?” என்று கேட்கிறார்கள். தேர்வு எழுதப்போகிற பிள்ளை கேட்பது நியாயம்தான். முடிவுரையில் அது இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு முன்னால் மூன்று ‘ஏனென்றால்’ இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.