81–3: நித்தவெலயில் ஒரு சனிக்கிழமையும் அதற்குப் பிறகும்

ஜூன் 12, வியாழன்

நாளை மறுநாள் கண்டி நித்தவெலத் திடலில் எங்கள் கல்லூரிக்கு ரக்பி போட்டி. எதிரணி இந்தப் பருவத்தில் இன்னும் எவரிடமும் தோற்கவில்லை. பழைய மாணவர்கள் எல்லோரும் திடலின் ஓரங்களில் ஓடும் அவர்களுடைய விங் வீரர்களின் வேகத்தைப் பற்றியே கதைக்கிறார்கள். என் கவலையோ எங்கள் முன்வரிசையைப் பற்றியது. 23 பேர் கொண்ட குழாமில், இரு அணியினரும் பிணைந்து நின்று தள்ளும் ஸ்க்ரமின் முன்வரிசைக்கென்று பயின்றவர்கள் 6 பேர் இருக்க வேண்டும். எங்கள் ஆறு பேரில் ஒருவன் டெங்குக் காய்ச்சலில் படுத்திருக்கிறான். ஆகவே 23 பேரை நிறுத்த முடியாது; 20 பேருடன்தான் இறங்கப்போகிறோம். முன்வரிசையின் இரு ஓரங்களுக்கு இரண்டு புரொப், நடுவுக்கு ஒரு ஹூக்கர், மாற்றுக்கு ஒரு புரொப், ஒரு ஹூக்கர் என்று ஐந்தே பேர். நானும் ஒரு காலத்தில் புரொப்பாக ஆடியவன் என்பதால் இந்தக் கணக்கு மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 14, சனி, இரவு

81–3 என்று தோற்றோம்.

காலையிலிருந்து பெய்த மழை போட்டிக்குச் சற்று முன்புதான் விட்டது. முதல் ஸ்க்ரமிலேயே எங்கள் பிள்ளைகளின் பூட்ஸ் பின்னால் வழுக்கியதைப் பார்த்தேன். 19 வயதுக்குட்பட்டோருக்கான விதிகளின்படி ஒரு ஸ்க்ரமை 1.5 மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது; ஆனால் அந்த ஒன்றரை மீற்றரை அவர்கள் ஒவ்வொரு முறையும் முழுமையாகத் தள்ளினார்கள். பின்னால் நகர்ந்துகொண்டிருக்கும் ஸ்க்ரமிலிருந்து வரும் பந்தை வைத்துக்கொண்டு எந்த அணியாலும் ஆட முடியாது. 18ஆவது நிமிடத்தில் எங்கள் வலப்பக்க புரொப் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். அப்போது 17–0. அரை மணி நேரம் ஆவதற்குள் இடப்பக்கத்தவனும் கழுத்தைத் திருப்ப முடியாமல் அமர்ந்துவிட்டான். அந்த இடத்தில் ஆடப் பயின்ற எவரும் எங்களிடம் மிஞ்சவில்லை. பயிற்சியாளர் நடுவரிடம் அதைத் தெரிவித்தார். நடுவர் இரண்டு அணித்தலைவர்களையும் அழைத்து, இனித் தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம்தான் என்று அறிவித்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை இந்த நேரத்திலும் விழித்திருக்க வைத்திருக்கிறது. ஊளை கிளம்பியது எதிரணியின் பக்கத்திலிருந்து அல்ல, எங்கள் பக்கத்திலிருந்து. எனக்கு இரண்டு வரிசை முன்னால், கல்லூரி நிறத்தில் கழுத்துப்பட்டி அணிந்த ஒருவர், என் வயதுக்காரர், எழுந்து நின்று "பயந்தாங்கொள்ளிகள்" என்று கத்தினார். கழுத்தெலும்பு முறிந்து ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்கக்கூடிய ஆபத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பதற்காக எழுதப்பட்ட விதி அது. இரு பக்கமும் எட்டு எட்டுப் பேர் முழுப் பலத்தோடு மோதும் இடத்தில், உடலை எப்படி வைப்பதென்று தெரியாத ஒருவனை முன்னால் நிறுத்துவது வீரம் ஆகாது. அப்படி நிறுத்தப்படவிருந்த பிள்ளை கோட்டுக்கு வெளியே நின்றான். காதைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டியிருந்தான். அதன் ஒரு முனை சேற்றில் நனைந்து கழன்று தாடையோரம் தொங்கியது. அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பதினேழு வயது இருக்கும்.

இடைவேளையில் 41–0. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பப்பரே வாத்தியக்காரர்களும் வாத்தியங்களைக் கட்டிவைத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் "நூறு, நூறு" என்று சிங்களத்தில் கோஷம் எழுந்தது. அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வெல்லும் பக்கத்து மாணவர்கள் பாடத்தான் செய்வார்கள், நாங்களும் பாடியிருக்கிறோம்.

63ஆவது நிமிடத்தில் 74–0 என்று இருக்கும்போது கம்பங்களுக்கு நேர் எதிரே எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அணித்தலைவன் கம்பத்தைக் காட்டினான். எழுபத்து நான்கு புள்ளிகள் பின்தங்கிய ஓர் அணி மூன்று புள்ளிகளுக்கு உதைப்பதா என்று மிச்சமிருந்தவர்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்வதானால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்கும் ஒரு ட்ரைக்காவது முயன்றிருக்கலாமே என்று எனக்கும் கோபம் வந்தது. உதை உள்ளே போனது. 74–3. கடைசி நிமிடத்தில் அவர்கள் இன்னொரு ட்ரை வைத்து, அதன் மேலதிக உதையையும் போட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிவதற்குள் முந்நூறு செய்திகள். பயிற்சியாளரை நீக்க வேண்டும் என்று பாதிப் பேர், விளையாட்டையே நிறுத்திவிடலாம் என்று சிலர். பிள்ளைகளின் பெயரைக் குறிப்பிட்டே எழுதியவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் இதே குழுவில் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மூத்தவர் ஒருவர், 1906இல் போகம்பறையில் கிங்ஸ்வூட்டும் திரினிட்டியும் ஆடிய நாட்டின் முதல் பாடசாலைகளுக்கிடையிலான போட்டி 6–6 எனச் சமநிலையில் முடிந்ததை நினைவூட்டி, அப்படிப்பட்ட கண்டியில் இப்படி ஒரு எண்ணா என்று கேட்டிருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்று ஒரு ட்ரைக்கு 3 புள்ளிகள்தான். 1971இல் 4 ஆகி, நான் பாடசாலையில் ஆடிக்கொண்டிருந்த 1992இல் 5 ஆனது. நேற்று நாங்கள் விட்ட 12 ட்ரைகளையும் அந்தக் காலக் கணக்கில் போட்டால் 24 புள்ளிகள் குறையும். தோல்வி தோல்விதான், எனினும் எண்களை ஒப்பிடுபவர் அவற்றைச் சரியாக ஒப்பிட வேண்டும் என்று பதில் எழுதினேன். பயந்தாங்கொள்ளி என்று கத்தியவரைப் பற்றி ஒரு நீண்ட செய்தி எழுதி, பிறகு அழித்துவிட்டேன். நேரில் கண்டால் சொல்வேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று குழுவில் ஆறுதல் சொல்பவர்களின் முறை. யாரோ ஜப்பானைக் கொண்டுவந்தார்கள்: 1995 உலகக் கிண்ணத்தில் புளூம்ஃபொன்டெயினில் நியூசிலாந்திடம் 145–17 என்று தோற்ற ஜப்பான், 2015இல் பிரைட்டனில் தென்னாபிரிக்காவை 34–32 என்று வென்றது. உண்மைதான். ஆனால் அந்த இருபது ஆண்டுகளும் தாமாகக் கழிந்துபோகவில்லை. 2003இல் அவர்கள் நிறுவன அணிகளைச் சேர்த்து நாடு முழுவதற்குமான ஒரு லீக்கைக் கட்டினார்கள். நாங்கள் இருபது மாணவர்களையும், ஓர் ஓட்டை விழுந்த ஸ்க்ரம் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு ஜப்பானின் கதையை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 17, செவ்வாய்

பின்னேரம் பயிற்சித் திடலுக்குப் போனேன். பதினாறு பேர் வந்திருந்தார்கள். தோளில் அடிபட்டவன் கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கோட்டோரம் நின்றான். எலும்பு முறியவில்லை, மூன்று வாரம் ஓய்வு என்றான்.

அணித்தலைவனிடம், "தம்பி, அந்தப் பெனால்டியை ஏன் உதைத்தீர்கள்?" என்று கேட்டேன். என் குரலில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்திருக்க வேண்டும், அவன் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "எங்களுக்குப் பந்து வேணும் அண்ணா" என்றான்.

முதலில் விளங்கவில்லை. அவன் விளக்கினான். பதினைந்து பேர் ஆட்டத்தில் புள்ளி பெற்ற அணிக்கு, புள்ளி விட்ட அணிதான் நடுக்கோட்டிலிருந்து பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். எழுவர் ஆட்டத்தில் இது நேர்மாறு. அதனால்தான் அங்கே பந்து கைமாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை 74 ஆகும் வரையில் அவர்கள் பன்னிரண்டு தடவை புள்ளி பெற்றார்கள், பன்னிரண்டு தடவையும் நாங்களே பந்தை உதைத்து அவர்கள் கையில் கொடுத்தோம். ட்ரை விடுவது, கம்பத்தின் கீழே நின்று மூச்சு வாங்குவது, நடுக்கோட்டுக்கு ஓடிப் பந்தைக் கொடுப்பது, மறுபடி டேக்கிள் செய்வது. "லைன் அவுட்டுக்கு வெளியே உதைத்திருந்தால் பந்தை இழந்திருப்போம் அண்ணா, எறியும் பந்தைப் பிடிக்க ஆளைத் தூக்குவதற்கு எவனுக்கும் கையில் பலமில்லை. கம்பத்தைக் காட்டினால் உதைக்க 60 விநாடி கிடைக்கும், எல்லோரும் மூச்சு விடலாம். உள்ளே போனால் அவர்கள் எங்களுக்கு உதைக்க வேணும்."

பதினெட்டு வயதில், சேற்றில், சொந்தப் பக்கத்தின் சிரிப்புக்கு நடுவே அவன் அதைக் கணக்குப் போட்டிருக்கிறான். முப்பது வருடங்களாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவரும் எனக்கு அது தோன்றவில்லை. அந்த உதைக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் ஏறக்குறைய நான்கு நிமிடம் பந்தைக் கையில் வைத்திருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். குட்டிக் குட்டியாகப் பதினெட்டு, பத்தொன்பது முறை மோதி, அவர்களுடைய 22 மீற்றர் கோடு வரை போனார்கள். அன்று முழுவதிலும் நாங்கள் ஆடிய ரக்பி அதுதான். அரங்கில் அதைப் பார்த்தவர்கள் அறுபது பேர் இருந்திருப்போமா என்பது சந்தேகம்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, வேறு ஒன்று கேட்டான்: முன்வரிசைக்கு இரண்டாம் அணியிலிருந்து இருவரைத் தயார்ப்படுத்த முடியுமா? பயிற்சியாளரும் சம்மதித்தார், ஆனால் ஆறு வாரத்துக்கு முன் எவரையும் போட்டியில் இறக்கமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதுவே சரி.

ஜூன் 19, வியாழன்

இன்று முதல் நாள். தள்ளுதலே இல்லை. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, முதுகைத் தட்டையாக வைத்து, தலையை நான் உள்ளங்கையால் நாலு பக்கமும் மெதுவாக அழுத்த, அவர்கள் அசையாமல் தாங்க வேண்டும். பக்கத்துக்குப் பத்து எண்ணிக்கை. இருவரில் ஒருவன், சனிக்கிழமை காதில் டேப்போடு கோட்டோரம் நின்ற அதே பிள்ளை. இடது பக்கம் அழுத்தும்போது ஏழாவது எண்ணிக்கையிலேயே அவன் கழுத்து நடுங்கியது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டே வேண்டாம் என்றான். பத்து வரை எண்ணினேன்.

முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, ஸ்க்ரமில் எந்தக் கால் முன்னால் இருக்க வேண்டும் என்று கேட்டான். அது மூன்றாம் வாரத்துப் பாடம் என்றேன். சரி அண்ணா என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கைகளை ஊன்றிக் குனிந்தான்.