தண்ணீரை ஐந்து சென்டிமீட்டர் இறக்கினேன்

மாடி அறையில் மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கும் ரயில் மாடலில், போன மாதம் கடலை மட்டும் தனியாக அறுத்து எடுத்தேன். வார்னிஷ் ஐந்து கோட் போட்டு, அலை வைத்து, முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த கடல். ஜிக்சாவை ஓட்டும்போது மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தானே இருந்துச்சு, ஏங்க அறுக்கறீங்க?" என்றாள். கடலூர்க்காரனாக இருந்ததால் வந்த தவறு அது. அதனால்தான் எழுதிவைக்கத் தோன்றியது.

முதலில் ஏன் இந்த மாடல் என்பதைச் சொல்கிறேன். எங்கள் வீடு முதுநகரில். முப்பத்தைந்து வருடம் விசைப்படகு டீசல் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவன் நான். அப்பா ரயிலில் மீன் ஏற்றுகிற வேலை பார்த்தார். கடலூர் துறைமுகம் சந்திப்பில், ஐஸும் மரத்தூளும் போட்டுக் கட்டிய கூடைகள் பிளாட்பாரத்தில் வரிசையாக நிற்கும். கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகி தண்டவாளம் வரை ஓடும். அப்போது இது மீட்டர்கேஜ் பாதை. கரி என்ஜின் வந்து நிற்கும்போது மீன் வாடையும் கரிப்புகையும் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை வேறு எங்கேயும் நான் முகர்ந்ததில்லை. பாதையை அகலமாக்கி 2010-ல் மறுபடி ரயில் விட்டபோது முதல் வாரமே போய்ப் பார்த்தேன். புது பிளாட்பாரம், நல்ல ரயில். கூடைகள்தான் இல்லை.

மகள் ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் ஊரில் நர்ஸாக இருக்கிறாள். 2022 செப்டம்பரில் நாங்கள் அவளிடம் போயிருந்தபோது, லீவு போட்டு எங்களை ஃபோர்ட் வில்லியம் கூட்டிப்போய், மறுநாள் காலை மாலெய்க் போகும் ரயிலில் ஏற்றினாள். 66 கிலோமீட்டர் பாதை. நடுவில் கிளென்ஃபின்னன் பாலம், வளைவாக 21 கண்கள். அந்தப் பக்கத்துப் பாறை கடினமானது, செதுக்கிக் கட்டுவது பெரும்பாடு என்பதால் முழுக்க கான்கிரீட்டில் வார்த்திருக்கிறார்கள், உள்ளே கம்பி இல்லாமல். எல்லாரும் ஜன்னலில் சாய்ந்து அந்தப் பாலத்தைத்தான் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். ஆனால் எனக்கு நெஞ்சில் தைத்தது பாதை போய் முடிகிற இடம்.

ரயில் நின்றது. இறங்கி நாலு எட்டு நடந்தால் மீன்பிடித் துறைமுகம். டீசல், வலை, மீன், ஈரக் கயிறு. கண்ணை மூடினால் எங்கள் ஊர்தான். இந்தப் பாதை போடப்பட்டதே மீனுக்காகத்தான் என்று மகள் படித்துச் சொன்னாள். மேற்குக் கரையில் பிடிக்கிற ஹெர்ரிங் மீனை அழுகுமுன் தெற்கே சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், வண்டிப் பாதை சரியில்லை, லாபம் வராது என்று தெரிந்தும் அரசாங்கம் முதலீட்டுக்கு உத்தரவாதம் கொடுத்து, 1901-ல் ரயிலைக் கடல் வரை கொண்டுவந்திருக்கிறது. ஹெர்ரிங் என்பது நம்ம மத்தி, கவலை மீன் குடும்பம். அதை முதுகோடு பிளந்து, உப்பில் ஊறவைத்து, ஓக் மரத்தூள் புகையில் வாட்டிக் கிப்பர் என்று விற்கிறார்கள். ஒரு ஜோடி வாங்கி மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மனைவி அதைத் தக்காளி போட்டுக் குழம்பு வைத்தாள். நன்றாகவே இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் மாலெய்க்கை மாடலாகக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். காலம் 1950-களின் நடுப்பகுதி. மீன் இன்னும் ரயிலில் போய்க்கொண்டிருந்த காலம். ஒன்பது அடி நீளம், இரண்டு அடி அகலம். கடைசி ஸ்டேஷன், அதிலிருந்து துறைக்கு ஓடும் ஒரு சைடிங் (பக்கப் பாதை), துறைச்சுவர், படகுகள். கப்பலுக்குப் போடும் ஐ.எஸ். 710 முத்திரை பிளைவுட்தான் வாங்கினேன். எங்கள் ஊர்க் காற்றில் சாதாரணப் பலகை ஒரு ஐப்பசிக்குள் வளைந்துவிடும், தண்டவாளமும் கூடவே வளையும்.

அளவு ஓஓ கேஜ். நிஜத்தில் ஓர் அடி, இங்கே நாலு மில்லிமீட்டர். 76.2-ல் ஒரு பங்கு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிரிட்டனின் நிஜத் தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீட்டர். அதை 76.2-ஆல் வகுத்தால் 18.83 வரவேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் ஓஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். வண்டி ஓர் அளவில், பாதை சற்று ஒடுக்கமாக. இதைப் பொறுக்காதவர்கள் கையாலேயே 18.83-ல் பாதை போடுகிறார்கள். என் கண்ணுக்கு 16.5 உறுத்தவில்லை, மீட்டர்கேஜ் பார்த்து வளர்ந்த கண் என்பதாலோ என்னவோ.

என்ஜின், கே1 என்ற கரி என்ஜின் வகை. ஹார்ன்பி என்ற மாடல் ரயில் கம்பெனி செய்தது. மகள் பழையதாக வாங்கி அனுப்பினாள். கே1 மொத்தம் 70 என்ஜின்கள், 1949-லும் 50-லும் கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி கட்டியவை. அதே கம்பெனி 1950-களில் இந்தியாவுக்கு மீட்டர்கேஜ் ஒய்.பி. என்ஜின்களிலும் ஒரு பகுதியைக் கட்டிக்கொடுத்தது. நான் சிறுவனாக இருந்தபோது அப்பா மீன் ஏற்றிய ரயில்களை இழுத்தது ஒய்.பி.தான். இது தெரிந்த அன்று கே1-ஐக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்புக்காற்று பற்றிக் கேட்பவர்களுக்கு: தண்டவாளம் நிக்கல் சில்வர், அதாவது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், பெயரில் மட்டும்தான் வெள்ளி. இரும்புபோலத் துருப்பிடிக்காது, ஆனால் மேலே அழுக்குப் படிந்து கரன்ட் போகாது. வாரத்துக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தே ஆகவேண்டும். இரும்பு திருகாணிகள் எல்லாவற்றையும் பித்தளைக்கு மாற்றிவிட்டேன். அவ்வளவுதான்.

இப்போது கடலுக்கு வருகிறேன்.

துறைச்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு உயரம் வைப்பது? நான் யோசிக்கவே இல்லை. கை தானாகவே இரண்டரை சென்டிமீட்டர் வைத்தது. நிஜ அளவில் ஆறடிக்குச் சற்று மேல். எங்கள் துறைமுகத்தில் படகு நிற்பது அப்படித்தான். உப்பனாறும் கெடிலமும் கடலோடு சேருகிற இடத்தில் நின்று பாருங்கள். காலையில் போனாலும் மாலையில் போனாலும் படகு விளிம்பு கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும், தாண்டி ஏறிவிடலாம். எங்கள் கடல் ஏறி வற்றுகிற வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. அந்த அளவில்தான் என் வாழ்க்கை முழுக்கப் படகு ஏறி இறங்கியிருக்கிறேன்.

படகுகளையும் அதற்கேற்ப வைத்தேன். அந்தக் காலத்து ரிங்நெட் படகுகள், நிஜத்தில் 55 அடி, இங்கே 22 சென்டிமீட்டர். இரண்டு படகு சேர்ந்து மீன் கூட்டத்தை வட்டமாக வளைத்து இழுக்கிற வலை அது. பெயின்ட் அடிக்காமல் வார்னிஷ் மட்டும் பூசிய மரப் படகுகள், தேன் நிறம். இரண்டு செய்தேன், தேக்குச் சீவலில் ஒவ்வொரு பலகையாக ஒட்டி. வலைக்குத்தான் அலைந்தேன். கொசுவலையை வைத்துப் பார்த்தேன், கண் பெரியதாகத் தெரிந்தது. கடைசியில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி சரியாக வந்தது. சாயம்? அந்தக் காலப் பருத்தி வலை உப்புத்தண்ணீரில் மக்காமலிருக்க அங்கே கட்ச் என்ற சாயத்தில் வேகவைப்பார்கள். தேடிப் பார்த்தால் கட்ச் என்பது நம்ம காசுக்கட்டி, இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் போனது. தெருமுனை வெற்றிலைக் கடையில் வாங்கிவந்து சுடுதண்ணீரில் கரைத்து காஸ் துணியை முக்கினேன். காய்ந்ததும் வந்த செம்பழுப்பு, எந்தப் பெயின்ட் டப்பாவிலும் கிடைக்காத நிறம்.

இதெல்லாம் முடிந்து, பின்திரை வரைவதற்காக மாலெய்க்கில் எடுத்த படங்களை மறுபடி விரித்தேன். எதிர்க்கரையில் ஸ்கை தீவு எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்க. அப்போதுதான் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்றில் படகின் தளம் துறைச்சுவருக்குக் கொஞ்சமே கீழே. இன்னொன்றில் துறைமேல் நின்று பார்த்தால் மாஸ்ட் கம்பமும் கேபின் கூரையும் மட்டும் தெரிகின்றன, சுவரில் கரும்பச்சைப் பாசி, அதில் பதித்த இரும்பு ஏணி கீழே கீழே இறங்குகிறது. இத்தனை நாளும் இது வேறொரு துறை என்று நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் இரண்டிலும் அதே நீல கேபின், அதே டயர். எடுத்த நேரத்தைப் பார்த்தேன். காலை போனதும் ஒன்று, திரும்பும் முன் ஒன்று. நடுவே ஆறு மணி நேரம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே கடல் நாலு மீட்டருக்கும் மேல் ஏறி வற்றுகிறது. அந்த நாலு மீட்டர் என் மேஜையில் ஐந்து சென்டிமீட்டருக்கும் கூடுதல். அன்று துறையில் நின்றுகொண்டே ரயிலையும் மீனையும் பார்த்திருக்கிறேன், தண்ணீர் இறங்கியதைப் பார்க்கவில்லை. துறைமுகத்திலேயே காலம் கழித்தவன் பார்த்திருக்க வேண்டிய முதல் விஷயம் அது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சில நாள் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கடல் ஏறி நிற்கிற நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை சென்டிமீட்டர் பொய்யில்லை. மகள்கூட அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சுவரின் முழு உயரமும் பாசியும் ஏணியும்தான் அந்த ஊர் என்று தெரிந்த பிறகு, அதைத் தண்ணீருக்கடியில் ஒளித்துவைக்க மனம் வரவில்லை.

அதனால் அறுத்தேன். கடல் பலகையை ஐந்து சென்டிமீட்டர் இறக்கி, கீழே புதுச் சட்டம் கொடுத்தேன். இப்போது துறைமேலிருந்து தண்ணீர் ஏழரை சென்டிமீட்டர். சுவரை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, ஈரம் காயுமுன் ஊசியால் கல் வரி கீறினேன். சுவரில் மூன்று பட்டைகள்: மேலே வெளிறிய காய்ந்த கல், நடுவே பச்சை வழுக்கல், அடியில் கருத்த கடற்பாசி. பாசிக்குத் தேங்காய் நார்த்தூளைச் சலித்துச் சாயம் போட்டேன், அடிப்பட்டையில் மட்டும் நீளமான நார் தொங்கட்டும் என்று விட்டேன். இந்தப் பட்டைகள் சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் ஓடவேண்டும், ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும், தண்ணீர் சாயாது என்று கண்ணுக்குத் தெரியும். மட்டக்கோல் வைத்து பென்சிலால் கோடு இழுத்த பிறகே பாசி ஒட்டினேன். ஏணிக்குச் செம்புக் கம்பி, படிக்குப் படி சால்டர்.

புதுக் கடலுக்கு முன்பு செய்ததுபோல டிஷ்யூ காகிதம், ஃபெவிகால், மேலே வார்னிஷ். எபாக்சி வேண்டாம், எங்கள் வெக்கையில் ஊற்றி முடிக்குமுன் இறுக ஆரம்பிக்கிறது. நிறத்தையும் மாற்றினேன். முன்பு நீலம் கூடிவிட்டது. துறைக்குள் தண்ணீர் நீலமாக இருக்காது, சுவர் நிழல் விழுந்து ஏறக்குறையக் கறுப்பாக, பாட்டில் பச்சையாக இருக்கும். வெளிச்சமும் அப்படியே. மாலெய்க் 57 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 10 பாகைகூட எழும்பாது, அதே நேரம் இங்கே 55 பாகையில் நிற்கும். உச்சியிலிருந்து விழுந்த டியூப் லைட்டை எடுத்துவிட்டு, ஒரு ஓரத்தில் தாழ்வாக எல்.இ.டி. பட்டை கட்டினேன். விளக்கைப் போட்டதும் வேகன்களின் நிழல் பாதையைக் கடந்து துறை விளிம்பு வரை நீண்டது. அந்த நிமிஷம்தான் அது வேறு நாடானது.

போன ஞாயிறு எதிர் வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், இப்போது வலை பின்னுகிறார். ரயிலை ஓட்டிக் காட்டினேன், அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. குனிந்து, முகத்தைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய், படகிலிருந்து சுவரை அண்ணாந்து பார்த்தார். காசுக்கட்டி வலையை விரலால் தொட்டார்.

"இம்மாம் ஆழத்துல நிக்கிற படகுலேர்ந்து மீனை எப்படிப்பா மேல ஏத்துவாங்க? தலைச்சுமையா ஏணியில ஏற முடியாதே."

படகிலேயே கம்பம் நீட்டி, கப்பி போட்டு, கூடை கூடையாக வின்ச்சால் தூக்குவார்கள் என்றேன். கால் கிரான் கூடை. ஒரு கிரான் என்பது அவர்கள் ஹெர்ரிங் அளக்கிற கணக்கு, முப்பத்தேழரை கேலன்.

"அதெங்க இதுல?"

இன்னும் செய்யவில்லை என்றேன். தளத்தின் நடுவே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, கம்பத்தை அங்கே நடு, ஓரத்தில் வைத்தால் பாரம் தூக்கும்போது படகு சாயும் என்றார். கப்பிக்குச் சட்டைப் பொத்தானைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கயிறு அவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.