கானும் ஆறும்: பொகவந்தலாவைக் குறிப்புகள்

2024 மார்ச் 10, ஞாயிறு

இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆறு இளைத்துக் கிடக்கிறது. பாலத்தடியில் நின்று பார்த்தால் கெசல்கமு ஓயா ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. கல்லெல்லாம் வெளியே தெரிகிறது. கல்லுக்கு இடையில் பம்பர்ஸ், லன்ச் சீட், ஷாம்பு பாக்கெட், ஒற்றைச் செருப்பு.

கோயில் மண்டபத்தில் ஆற்றுக்கரைக் குழுவின் முதல் கூட்டம். நாற்பது வீட்டுக்குச் சொன்னோம், பதினொரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் பிள்ளைகள். மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று சொல்லவும் வழியில்லை, மழைதான் இல்லையே.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்தத் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து விமலசுரேந்திர மின்நிலையத்தில் கரண்ட் எடுக்கிறார்கள், நோர்ட்டனையும் தாண்டி மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்த பிறகு அதற்குக் களனி கங்கை என்று பெயர், கொழும்புக்குக் குடிக்கத் தண்ணீர் அங்கிருந்துதான். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பணிய லயத்து, அதாவது கீழே இருக்கும் தொழிலாளர் வரிசை வீட்டு, மாமா எழுந்து கேட்டார்: “அவங்க குடிக்கிறதுக்கு நாம ஏன் அள்ளணும்? இந்தக் கரை தோட்டத்துது. லயம் தோட்டத்துது. குப்பை மட்டுந்தான் நம்மளதா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. தேநீர் குடித்துக் கலைந்தோம்.

மார்ச் 24, ஞாயிறு

பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு மஸ்கெலியா போனேன். வரட்சி என்றால் அவருக்கு ஒரு ஆசை வந்துவிடும். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பழைய மஸ்கெலியா டவுன் மேலே வரும். கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாவற்றின் இடிபாடும் தெரியும். 1969இல் அணை கட்டி முடித்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அந்த டவுனில் ஒரு சீலைக்கடை இருந்ததாம். கடையின் பெயர் மறந்துவிட்டது, சீலையின் நிறம் மறக்கவில்லை.

இந்தத் தடவை தண்ணீர் போதுமான அளவு இறங்கவில்லை. வெடித்த சேறும் சில மரக்கட்டைகளும் மட்டுமே. பெரியம்மா கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். “ஊரையே தண்ணிக்குக் குடுத்தாச்சு, இப்ப நீ வந்து தண்ணியக் காப்பாத்தணுங்கிற” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 3, புதன்

சோதனைப் போத்தல்கள் வந்தன. சின்னப் போத்தல், உள்ளே மருந்து தோய்த்த தாள். தண்ணீரை ஊற்றி மூடி, ஓரளவு சூடான இடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவோடு வரும் கிருமிகள் இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். நம் குளிருக்கு இரண்டு நாள் வைப்பதே நல்லது. அடுப்புக்கல் பக்கத்தில் வைத்தேன், அம்மா, “சோத்துப் பானை பக்கத்துலயா இதை வைப்ப?” என்று கத்தினார்.

நான்கு இடத்துத் தண்ணீர்: ஆறு, மேட்டு லயத்துப் பீலி (எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடம்), பணிய லயத்துப் பீலி, டர்பன்டைன் மரக் காட்டுக்கு மேலே இருக்கும் ஊற்று.

ஏப்ரல் 5, வெள்ளி

ஆறு கறுப்பு. எதிர்பார்த்ததுதான். பணிய லயத்துப் பீலியும் கறுப்பு, ஆற்றை விடக் கறுப்பு. மேட்டு லயத்தில் கொஞ்சம் தாமதித்துக் கறுத்தது. ஊற்று மட்டும் தெளிவாக நிற்கிறது.

ஊற்றிலிருந்து பீலிக்கு வரும் குழாய் இருபது கக்கூஸ் குழிக்குக் கீழே வருகிறது. மூன்று இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஆற்றைப் பற்றி ஒரு மாதமாகப் பேசியபோது வராத கூட்டம் இந்தப் போத்தலைப் பார்க்க வந்தது. ஒரு அக்கா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதையா புள்ளைக்குப் பால்மா கரைச்சோம்?” என்றார். பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை.

மாமாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கொழும்பில் ஆரம்பித்தது என் தப்பு. பீலியில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 23, செவ்வாய், போயா விடுமுறை

சிரமதானம். முப்பத்திரண்டு பேர்! முதலில் குழாய், ஒட்டுப் போட்ட மூன்று இடத்தையும் வெட்டிப் புதுக் குழாய் பொருத்தி, குழிகளை விட்டுத் தள்ளி மேலால் திருப்பிவிட்டோம். மத்தியானத்துக்குப் பிறகு ஆற்றங்கரை.

வெட்டிவேர் நாற்று அறுநூறு முடி கினிகத்தேனையிலிருந்து லொறியில் வந்தது. கரை அரிந்த இடத்தில் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, ஒரு சாண் இடைவெளி கூட விடாமல் நடவேண்டும். நெருக்கமாக நட்டால்தான் வேலி மாதிரி நின்று மண்ணைப் பிடிக்கும். வேர் பக்கவாட்டில் ஓடாது, ஆள் உயரத்துக்கு மேல் நேராகக் கீழே இறங்கும். குளிர் ஊரில் மெதுவாகத்தான் பிடிக்கும் என்று லொறிக்காரரே எச்சரித்தார். தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், ஒரு நிபந்தனையோடு விட்டார்: ஆற்றுப் பக்கம் மட்டும், தேயிலைக்குள் கால் வைக்கக் கூடாது.

நட்டு முடிக்கவும் இடிமழை வரவும் சரியாக இருந்தது. எல்லோரும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஒரு அலவாங்கை (கடப்பாரை) காணவில்லை.

மே 2, வியாழன்

நேற்றுக் கொட்டகலை மே தினக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,700 ரூபாய் என்று ஜனாதிபதி அறிவித்தாராம். லயத்தில் ஒருவரும் துள்ளவில்லை. கையில் வந்த பிறகு துள்ளலாம் என்கிறார்கள்.

அலவாங்கு எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. நாங்கள் நட்ட இடத்துக்கு அரைக் கட்டைத் தூரம் தள்ளி, மூங்கில் புதருக்குப் பின்னால் மாணிக்கக் குழி. கரையைக் குடைந்து கீழே இருக்கும் இல்லம் என்கிற மாணிக்கம் கலந்த சரளை மண்ணை எடுத்து, கூடையில் போட்டு ஆற்றிலேயே அலசுகிறார்கள். இராத்திரி வேலை. காலையில் ஆறு பால் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடுவது அதனால்தான். மாணிக்க அதிகாரசபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை எடுக்க நிலம் வேண்டும். லயத்துப் பிள்ளைக்கு ஏது நிலம்?

குழிக்குப் போகிறவர்களில் ஒருவன் என்னிடம் ஓ.எல். பரீட்சைக்குத் தமிழ் படித்தவன். கூப்பிட்டுக் கேட்டேன். “அக்கா, ஒரு கல்லு கெடச்சா அம்மாவோட அடகு நகை திரும்பும். அந்த 1,700 வரட்டும், நான் போகல” என்றான். பொலிசுக்குச் சொல்லச் சொல்லி இரண்டு பேர் வற்புறுத்துகிறார்கள். குழியில் இறங்குகிறவன் பிடிபடுவான், கல்லை வாங்குகிறவன் ஹட்டனில் கடையில் உட்கார்ந்திருப்பான். நான் சொல்லவில்லை. இது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

மே 19, ஞாயிறு

பிள்ளைகளோடு மழைமானி செய்தோம். சோடா போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்தால் புனல். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பூச்சியம் என்று ரூலரை ஒட்ட வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் எழுந்து போய்விட வேண்டும். மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து இறங்கியபோது இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னதும் அடங்கிவிட்டார்கள்.

ஜூன் 2, ஞாயிறு

தூங்கவில்லை. நேற்று மாலையிலிருந்து ஊற்றுகிறது. இரவு பத்து மணிக்கு 58. இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது 81. மேட்டு லயத்தில் மண்திட்டுக்குக் கீழே இருக்கும் ஆறு வீட்டையும் தட்டி எழுப்பினோம். கிழவிகள் வர மாட்டேன் என்றார்கள், ஆட்டுக்குட்டியைத் தூக்கியதும் தாமாகவே வந்துவிட்டார்கள். கோயில் மண்டபத்தில் எல்லோரும். விடியும்போது 104.

மலை இறங்கவில்லை. ஆனால் 7ஆம் நம்பர் தேயிலை மலையில் கான் என்னும் வடிகால் உடைந்து, சேறும் கல்லும் வாசல் வரை வந்து நிற்கிறது.

ஜூன் 3, திங்கள்

ஆற்றங்கரை. நட்டதில் மேல் வரிசை நிற்கிறது. மூங்கில் புதர்ப் பக்கம் பதினைந்து அடிக் கரை அப்படியே உட்கார்ந்துவிட்டது, குழியோடு. சனி இரவு மழை என்று அவர்கள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால்?

சாயந்தரம் எங்கள் வாசலில் அலவாங்கு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இத்தனை மாதம் நான் தப்பான இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பணிய லயத்து மாமா நாற்பது வருடம் கான் வெட்டியவர். உடைந்த கானைக் காட்ட என்னை 7ஆம் நம்பருக்குக் கூட்டிப் போனார். தேயிலை மலையில் கான் சும்மா தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால் இல்லை. சரிவுக்குக் குறுக்கே, இருக்கிறதா இல்லையா என்கிற அளவு சாய்வில் போகும். நடுவில் சில அடிக்கு ஒரு கட்டு விட்டிருப்பார்கள். கானின் விளிம்பை விடக் கட்டு உயரம் குறைவு. ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் நின்று, மண் கீழே படிந்து, தெளிந்தது மட்டும் அடுத்த குழிக்கு வழியும். படிந்த மண்ணை வாரி மேலே தேயிலைத் தூருக்குப் போடுவது கான்காரரின் வேலை. ஆற்றுக்குப் போவது தெளிந்த தண்ணீர்.

இப்போது அந்த வேலைக்குப் பேர் போட்டு நாள் சம்பளம் கொடுப்பதில்லை. குழிகள் நிறைந்துவிட்டன, கட்டுகள் கரைந்துவிட்டன. “கட்டு இல்லாத கான் கானா? அது ரோடு” என்றார் மாமா. போதாததற்குப் புல் மருந்து. 2015இல் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மறுபடி அனுமதித்தார்கள். மருந்தடித்த மலையில் மண்ணை மூட ஒரு பச்சை இல்லை. முதல் மழைக்கே மண் கிளம்பி, கான் என்னும் ரோட்டில் ஓடி, ஆற்றில் விழுந்து, காசல்ரீயில் போய்ப் படிகிறது. நான் கரையில் நின்று வெட்டிவேர் நட்டுக்கொண்டிருந்தேன்.

துரையிடம் போனோம். நான் பேசினால் ஆகாது என்று மாமாவைப் பேசவிட்டேன். உடைந்த கான் தொழிற்சாலை ரோட்டையும் சேர்த்துத்தான் மூடியிருந்தது, அதனால் காது கொடுத்தார். 7ஆம் நம்பர் மலைக்கு மட்டும், ஆறு பேருக்குப் பேர் போட்டு, இரண்டு வாரம். மாமா மேற்பார்வை. தேயிலைக்குள் கால் வைக்கலாம்!

ஆறு பேரில் ஒருவனாக, மாணிக்கக் குழிக்குப் போன அவனும் வந்தான். மாமா அவன் கையில் முதலில் கொடுத்தது அந்த அலவாங்கைத்தான். தெரிந்தா, தெரியாமலா என்று கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

1,700க்கு இந்த வாரம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுவிட்டது. துள்ளாதது நல்லதாகப் போயிற்று.

குப்பை விஷயமாக ஒரு அலுவலகம், இன்னொரு அலுவலகம், மறுபடி முதல் அலுவலகம். முன்பெல்லாம் தோட்டம் தனியார் நிலம், பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது என்பார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், அந்தச் சாக்கு இனி இல்லை. இப்போது டிராக்டருக்கு டீசல் இல்லை என்கிறார்கள். மாதம் ஒரு முறையாவது வாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

மாணிக்கக் குழிக்குப் போன அந்தத் தம்பி கொழும்புக்குப் போய்விட்டான், புடவைக் கடை வேலை. கல் கிடைக்கவில்லை, நகை இன்னும் அடகில். நேற்று இரவு போன் பண்ணினான். “அக்கா, இங்க பைப்புல வர்றது நம்ம ஆத்துத் தண்ணியா?” ஆமாம், அதுவும் கலந்திருக்கும் என்றேன். “குளோரின் வாடை தாங்கலக்கா” என்று வைத்துவிட்டான்.

ஜூலை 28, ஞாயிறு

அறுநூறில் எண்ணிப் பார்த்தேன், முந்நூற்று எழுபது முடி உயிரோடு. மூங்கில் புதர்ப் பக்கம் ஒன்றும் இல்லை. அங்கே கல் அடுக்கித்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் சோதனை முடிந்தது. மேட்டு லயத்துப் பீலி தெளிவு. பணிய லயம் இன்னும் கறுக்கிறது, போன தடவையை விடத் தாமதமாக. எங்கேயோ இன்னொரு ஓட்டை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வியாழக்கிழமை வருகிறார். அதுவரைக்கும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தேன்.

நேற்று இரவு 43 மில்லிமீட்டர். காலையில் 7ஆம் நம்பர் மலைக்குப் போனேன். கட்டு எல்லாம் நிற்கிறது. குழியில் அரை அடி மண் படிந்திருந்தது. பேர் போட்ட இரண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது, மாமா மட்டும் தனியாக அதை வாரிக்கொண்டிருந்தார். நானும் ஒரு மண்வெட்டியை எடுத்தேன்.